கேபிளா, டிடிஎச்சா? வீட்டையும் தெருவையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு

சென்ற ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, கடலூரில் தனியாக வசிக்கும் எங்கள் அம்மாவின் வீட்டில் செட்டாப் பாக்ஸ் பழுதாகி நின்றுவிட்டது. பழைய கேபிள் இணைப்பையே புதுப்பிப்பதா, மொட்டை மாடியில் டிஷ் வைத்து டிடிஎச்சுக்கு மாறிவிடுவதா என்று நானும் என் தங்கையும் இரண்டு வாரம் யோசித்தோம். சென்னையில் என் வீட்டில் பத்தாண்டுகளாக டிடிஎச் இருப்பதால் முதலில் என் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனால் விவரங்களைத் திரட்டத் திரட்ட, ஒரே குடும்பத்தின் இரண்டு வீடுகளுக்கு இரண்டு வெவ்வேறு விடைகள் பொருந்தும் என்பது தெளிவாயிற்று. விளம்பரங்கள் சேனல்களின் எண்ணிக்கையையும் மாதக் கட்டணத்தையுமே முன்னால் நிறுத்துகின்றன. எங்கள் முடிவைத் தீர்மானித்தவையோ, தெருவுக்கு மின்சாரம் எப்படி வருகிறது, பழுதானால் யார் வருவார், வீடு சொந்தமா வாடகையா, தொலைக்காட்சியின் முன் உட்காருபவர் யார் என்ற கேள்விகள்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது கட்டணத்தைப் பற்றித்தான் என்பதால் அதை முதலிலேயே பார்த்துவிடலாம். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் டிவி நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு 90 சேனல்கள் என்று சேவையைத் தொடங்கியபோது, கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் இடையிலான விலை வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்து சேர்ந்திருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அந்த 70 ரூபாய் பெரிய உதவியாக இருந்தது. அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் அழித்துவிட்டது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறை. அதன்படி ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதை ஒளிபரப்பும் நிறுவனமே அதிகபட்ச விலையை அறிவிக்க வேண்டும். கேபிள்காரரும் டிடிஎச் நிறுவனமும் அந்த விலைக்கு மேல் வாங்க முடியாது. அந்த ஆண்டில் சன் டிவிக்கு 19 ரூபாய், விஜய் டிவிக்கு 17 ரூபாய் என்று இருந்த விலை, கம்பி வழியாக வந்தாலும் வானத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

சேனல் விலைக்கு மேல் மாதந்தோறும் சேருவது இணைப்புக் கட்டணம். தொடக்கத்தில் 100 சேனல்களுக்கு 130 ரூபாய் என்பது உச்சவரம்பு. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. மறு ஆண்டு அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று வரம்பு தளர்ந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த உச்சவரம்பையே நீக்கி, கட்டணத்தை நிறுவனங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. ஆகவே இன்று இந்த இணைப்புக் கட்டணத்தில்தான் கேபிள்காரர்களும் டிடிஎச் நிறுவனங்களும் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள். யாரிடம் பேசினாலும் பேக் எனப்படும் சேனல் தொகுப்பின் விலையை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாமல், இணைப்புக் கட்டணமும் வரியும் சேர்த்து மாதம் கையிலிருந்து போகும் மொத்தத் தொகை என்ன என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் பார்க்கும் சேனல்களை ஒரு தாளில் எழுதினால் இருபதைத் தாண்டவில்லை. அந்தப் பட்டியலை வைத்து இரண்டு பக்கமும் கணக்குப் போட்டபோது வந்த வேறுபாடு, மாதத்துக்கு ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை. அதன்பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசுவதையே நாங்கள் நிறுத்திவிட்டோம்.

வீட்டில் இரண்டாவது தொலைக்காட்சி இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். முன்பு அனலாக் காலத்தில் ஒரு ஸ்பிளிட்டரை மாட்டிக் கம்பியைப் படுக்கையறைக்கு இழுத்தாலே போதும். இப்போது இரண்டு முறையிலும் ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் ஒரு பாக்ஸ் வேண்டும், தனி மாதக் கட்டணமும் உண்டு. டிடிஎச்சில் இதற்குக் கூடுதலாக, டிஷ்ஷின் முனையில் இருந்து சிக்னலைப் பிடித்து வயரில் அனுப்பும் எல்என்பி என்ற கருவியை இரட்டை வெளியீடு உள்ளதாக மாற்றி, மாடியிலிருந்து இன்னொரு வயரை இறக்க வேண்டியிருக்கும்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவருக்கு, தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவு மட்டுமே. ஆனால் சன், விஜய் போன்ற முன்னணித் தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்கள் அதில் வருவதில்லை என்பதால், செய்தியும் டிடி தமிழும் போதும் என்று இருக்கும் வீட்டுக்குத்தான் அது சரிப்படும்.

அடுத்து மழை. டிடிஎச்சைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் உறவினர்கள் அனைவரும் சொன்ன முதல் குறை இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வீட்டு டிஷ்ஷுக்கு வரும் சிக்னல், கேயு பேண்ட் எனப்படும் 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில் வருகிறது. அவற்றின் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனமழையின் பெருந்துளிகள் அந்த அலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்வதால், படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் திரையில் நிற்கிறது. இதே சேனலைக் கேபிள்காரரின் கட்டுப்பாட்டு அறையும் செயற்கைக்கோளிலிருந்துதான் வாங்குகிறது. ஆனால் அங்கே ஆளுயரத்தைவிடப் பெரிய டிஷ்கள் சி பேண்டில், அதாவது ஏழரை சென்டிமீட்டர் அளவுள்ள நீண்ட அலைகளில் வாங்குகின்றன. மழைத்துளிகள் அந்த அலைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டுக் கேபிளில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் நம் வீட்டு டிஷ் ஊமையாகிவிடுகிறது.

இந்தக் குறையை அளவோடு பார்க்க வேண்டும். தூறலுக்கும் சாதாரண மழைக்கும் நன்றாகப் பொருத்தப்பட்ட டிஷ் அசைந்துகொடுப்பதில்லை. வானம் இருண்டு கொட்டித் தீர்க்கும்போது மட்டும் சிக்னல் போகும். மழையின் வேகம் குறைந்ததும் தானாகத் திரும்பிவிடும். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சிறு நன்மையும் உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே உயரத்தில் நிற்கிறது. 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே உள்ள செயற்கைக்கோளைச் சென்னையிலிருந்து நோக்கும் டிஷ், தென்கிழக்குப் பக்கமாகத் திரும்பி ஏறத்தாழ 68 பாகை மேல்நோக்கிப் பார்க்கிறது. சாய்வாக வரும் சிக்னலைவிட இப்படிச் செங்குத்தாக வரும் சிக்னல் மழைப்படலத்தைக் கடக்கும் தூரம் குறைவு. எதிர்வீட்டு மாடியும் தென்னையும் மறைக்கும் தொல்லையும் குறைவு. டிஷ் வைக்க வருபவர் அவசரத்தில் கோணத்தை ஓரளவுக்குச் சரிசெய்துவிட்டுப் போனால், வெயில் நாளில் எல்லாம் சரியாகத் தெரியும். முதல் மழையிலேயே படம் போய்விடும். ஆகவே பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் வலுவையும் தரத்தையும் காட்டும் கோடுகளைத் திறந்து, தரத்தின் கோடு இயன்ற அளவு உயர்ந்த பிறகே போல்ட்டை முறுக்கச் சொல்ல வேண்டும். என் சென்னை வீட்டில் ஐந்தாண்டுகள் மழைக்கு மழை பொறுத்துக்கொண்ட தொல்லை, இதைத் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் செலவிட்ட பிறகு பெருமளவு குறைந்துவிட்டது.

ஆண்டுக்கு இருமுறை, மார்ச் நடுப்பகுதியையும் செப்டம்பர் கடைசியையும் ஒட்டி, செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும் சில நிமிடங்களுக்கும் சிக்னல் கெடும். அது கேபிள்காரரின் பெரிய டிஷ்ஷையும் விடுவதில்லை என்பதால் அதை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டியதில்லை.

மழையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. என் கணிப்பில் அதுதான் மழையைவிடப் பெரிய காரணம். கேபிளில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒளியிழை வழியாகத் தெருவரை வரும் சிக்னல், அங்கே கம்பத்தில் தொங்கும் நோடு என்ற பெட்டியில் மின் சிக்னலாக மாறி, வழியில் ஆம்ப்ளிஃபையர்களால் வலுவூட்டப்பட்டு, செப்புக் கம்பியில் வீட்டுக்குள் நுழைகிறது. அந்த நோடுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் மின்சாரம் வேண்டும். பல தெருக்களில் அது அருகிலுள்ள ஒரு வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோதான் எடுக்கப்படுகிறது. ஆகவே நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து விளக்கும் மின்விசிறியும் ஓடினாலும், அந்தக் கடைக்கு மின்சாரம் இல்லையென்றால் நம் தொலைக்காட்சி நீலத்திரையைத்தான் காட்டும். நம் தெருவில் மின்சாரம் இருந்து, அடுத்த தெருவில் மட்டும் போயிருந்தாலும் அதே நிலைதான். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் கேபிள் மட்டும் வராததைக் கண்டு டிடிஎச் பக்கம் திரும்பியதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். டிடிஎச்சில் சிக்னலுக்கும் நமக்கும் நடுவே தெரு என்ற ஒன்று கிடையாது. பாக்ஸுக்கும் தொலைக்காட்சிக்கும் மின்சாரம் இருந்தால் போதும், எல்என்பிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே வயர் வழியாகப் பாக்ஸே அனுப்பிவிடும்.

இப்போது சில ஊர்களில் கேபிள்காரர்கள் ஒளியிழையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். வீட்டில் உள்ள ஒரு சிறிய பெட்டி ஒளியை மின் சிக்னலாக மாற்றுகிறது. நடுவில் மின்சாரம் தேவைப்படும் ஆம்ப்ளிஃபையர்கள் இல்லாமல் போவதால், மேலே சொன்ன குறையில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. பழைய இணைப்புகளில் துருவாலும் ஈரத்தாலும் படம் கட்டம் கட்டுவதும் குறைகிறது. எனவே கேபிள் நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. நம் வீட்டுக்குள் நுழையப்போவது ஒளியிழையா, செப்புக் கம்பியா என்று கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும்.

புயலைப் பற்றி, கடலூர்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்த தெருக்களில், தொலைக்காட்சியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகு எது முதலில் உயிர்பெற்றது என்பது இந்த ஒப்பீட்டுக்கு உதவும். கேபிள் தெருத்தெருவாகப் புதிதாக இழுக்கப்பட வேண்டியிருந்ததால் எங்கள் பகுதிக்கு அது வரக் காலம் பிடித்தது. மாடியில் டிஷ் வைத்திருந்தவர்களில், டிஷ் முழுமையாகப் பிய்ந்து போனவர்களைத் தவிர மற்றவர்கள், சற்றுத் திரும்பிப்போன கோணத்தைச் சரிசெய்துகொண்டு முன்னதாகவே செய்தி பார்த்தார்கள். கடற்கரை ஊர்களில் டிஷ்ஷுக்கு இன்னோர் எதிரியும் உண்டு. உப்புக்காற்றில் அதன் தாங்கியும் போல்ட்டுகளும் துருப்பிடித்து, சில ஆண்டுகளில் காற்றடித்தால் ஆடும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வண்ணம் பூசுவது நல்லது. கொல்லிமலை, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் தனித்தனியே விலகி நிற்கும் வீடுகளுக்குக் கம்பி இழுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், அங்கே பலருக்குத் தேர்வு என்ற ஒன்றே இல்லாமல் டிடிஎச்தான் வழியாக இருக்கிறது.

பழுதானால் யார் வருவார் என்ற கேள்வியில்தான் கேபிளின் உண்மையான பலம் இருக்கிறது. நல்ல கேபிள்காரர் ஒருவர் தெருவில் இருந்தால், அவர் எண்ணுக்கு அழைத்தால் போதும். மாலைக்குள் பையனை அனுப்புவார், கம்பியை மாற்றுவார், ரிமோட்டில் தவறி அழுத்திய பொத்தானைச் சரிசெய்துவிட்டு ஒரு காசும் வாங்காமல் போவார். அம்மாவுக்குக் கைப்பேசியில் ரீசார்ஜ் செய்யத் தெரியாது. மாதம் பிறந்தால் கேபிள்காரர் தன் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பணமாக வாங்கிக்கொள்கிறார். இரண்டு நாள் தாமதமானால் இணைப்பு நின்றுவிடுவதில்லை. டிடிஎச்சில் கணக்கில் பணம் தீர்ந்த அன்று இரவே திரை இருண்டுவிடும். பழுதென்றால் ஓர் அழைப்பு மையத்தில் எண்களை அழுத்தி, புகார் எண் வாங்கி, ஆள் வரக் காத்திருக்க வேண்டும். வந்து பார்ப்பதற்கே கட்டணம் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. ஒருமுறை என் வீட்டில் எல்என்பி பழுதானபோது, மூன்று நாள் மூன்று வெவ்வேறு நேரம் சொல்லிவிட்டு நான்காம் நாள்தான் ஆள் வந்தார். பிள்ளைகள் வெளியூரில் இருந்தபடியே ரீசார்ஜ் செய்துவிடலாம் என்பது டிடிஎச்சின் நன்மை, உண்மைதான். ஆனால் எழுபது வயதைக் கடந்தவருக்கு, திரையில் ஏதோ ஆங்கிலத்தில் எழுத்து வந்து நிற்கும்போது பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். துபாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கைப்பேசியில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்தப் பலமே சில இடங்களில் பலவீனமாகவும் ஆகிவிடுகிறது. பெரும்பாலான தெருக்களில் ஒரே ஒரு கேபிள்காரர்தான் இருப்பார். அவர் சரியில்லை என்றால் அடுத்த தெருக்காரர் உள்ளே வரமாட்டார். வேண்டிய சேனலைத் தனியாகக் கேட்டாலும் தன்னிடம் இருக்கும் பேக்கையே எடுத்துக்கொள்ளச் சொல்வதும், ரசீது தராமல் ஒரு தொகையைச் சொல்வதும் பல ஊர்களில் இன்றும் நடக்கின்றன. விதிகள் நம் பக்கம் இருந்தாலும், நாள்தோறும் தெருவில் பார்க்கும் மனிதரோடு விதியைப் பேசிச் சண்டையிட யாருக்கும் மனம் வருவதில்லை. அப்படிப்பட்ட தெருவில் டிடிஎச் ஒரு விடுதலையாகவே இருக்கிறது.

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் இன்னொன்று உள்ளூர்ச் சேனல். கேபிளில் மட்டுமே அது வரும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலின் வைகாசித் தேரோட்டத்தை, வெயிலில் நிற்க முடியாத அம்மா உள்ளூர்ச் சேனலில்தான் பார்க்கிறார். நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே, நாளை எந்தப் பகுதிக்கு மின்தடை, யார் வீட்டில் இரங்கல் நிகழ்ச்சி, எந்தப் பள்ளியில் ஆண்டுவிழா என்பதெல்லாம் கீழே ஓடிக்கொண்டிருக்கும். எந்த டிடிஎச் நிறுவனத்தின் ஆயிரம் சேனல்களிலும் அது கிடைக்காது. சென்னையில் வளர்ந்த என் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அம்மாவுக்கு அதுதான் ஊர்.

வாடகை வீட்டில் இருப்பவர் வேறு சிலவற்றை எண்ண வேண்டும். மாடிச் சுவரில் துளையிட வீட்டுக்காரர் ஒப்புவாரா, அடுக்குமாடியில் மாடிக்குச் செல்லும் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, மூன்றாம் தளத்திலிருந்து வயரை எந்த வழியாக இறக்குவது என்பவற்றை டிஷ் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வீடு மாறும்போது டிஷ்ஷைக் கழற்றி மறுபடி பொருத்த ஒரு செலவு உண்டு; ஆனால் ஊர் மாறினாலும் அதே கணக்கும் அதே பாக்ஸும் தொடரும். கேபிளில் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிய தெருவில் புதிதாகத் தொடங்க வேண்டும். அடிக்கடி மாற்றலாகும் வேலையில் இருப்பவருக்கு இதனால் டிடிஎச் மேல்.

எதைத் தேர்ந்தாலும் பாக்ஸ் அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கைப்பேசியில் சிம்மை மாற்றுவதைப்போல ஒரு நிறுவனத்தின் பாக்ஸில் இன்னொரு நிறுவனத்தின் சேவையைப் பெற முடியாது. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்தும் பாக்ஸ் வேண்டும் என்று 2020-இல் டிராய் பரிந்துரைத்தும் அது வீடுகளுக்கு வந்து சேரவில்லை. டிஷ்ஷும் ஒரு செயற்கைக்கோளை நோக்கியே நிற்கிறது. 2010 ஜூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதானபோது, அதை நம்பியிருந்த சன் டைரக்ட் தன் ஒளிபரப்பை மீசாட் 3 செயற்கைக்கோளுக்கு மாற்ற நேர்ந்தது. இப்படி நடப்பது மிக அரிது. ஆயினும் நடந்தால், அந்த நிறுவனத்தின் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும்; கேபிளில் கோளாறு பெரும்பாலும் ஒரு தெருவோடோ ஓர் ஊரோடோ நின்றுவிடும்.

இணையத்தின் வழியே பார்ப்பவர்கள் பெருகிவிட்டதால், நாடு முழுவதும் 2020-இல் ஏழு கோடியாக இருந்த டிடிஎச் இணைப்புகள் 2025-இல் ஆறு கோடிக்கும் கீழே வந்துவிட்டன. நல்ல அகண்ட அலைவரிசை இணைப்பு ஏற்கெனவே இருக்கும் வீட்டில், கிரிக்கெட்டும் தொடர்களும் செயலிகளிலேயே கிடைக்கும்போது, இரண்டு இணைப்புகளும் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் சரியானதே. ஆனால் ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் சேனல் வர வேண்டும் என்று பழகிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அது இன்னும் எளிதாக இல்லை.

சென்னை வீட்டில் டிடிஎச்சையே வைத்துக்கொண்டோம். மாடி எங்களுடையது, தெருவில் கேபிள் பழைய செப்புக் கம்பி, மின்தடை நேரத்தில் நோடு அணைந்துவிடுகிறது; இந்த மூன்றும் சேர்ந்து அங்கே முடிவை எளிதாக்கிவிட்டன. கடலூருக்கு முடிவெடுக்கும் முன்பு கேபிள்காரரை நேரில் பார்த்து, ஒளியிழை வீடுவரை வருமா, பாக்ஸ் எச்டியா, அது பழுதானால் மாற்றித் தருவாரா, இணைப்புக் கட்டணமும் வரியும் சேர்த்து மாதம் எவ்வளவு என்று கேட்டோம். ஒளியிழை எங்கள் தெருவுக்கு வந்துவிட்டதாகவும், அம்மா வீட்டுக்கு இழுத்துத் தருவதாகவும் சொன்னார். ஐப்பசி முடிவதற்குள் புதிய பாக்ஸ் வந்தது. ஒளியிழையைச் செருகும் சிறிய பெட்டியின் பிளக்கை, எலக்ட்ரீஷியனை அழைத்து இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். கேபிள்காரரின் எண்ணையும் பாக்ஸின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள் தங்கை. கார்த்திகையில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாதபோதும் அம்மா தன் தொடரை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கைப்பேசியில் அழைத்தார்.